மூழ்கியது

எட்டு வருடமாகச் சாயல்குடிச் செய்தி அனுப்புகிறேன்,
வரிக்கு இவ்வளவு என்று கணக்கு.
போன வைகாசியில்தான்
மதுரை மேசையிலிருந்து இளஞ்சேரன் கூப்பிட்டார்:
"அண்ணாச்சி, ஒங்க பக்கம்
எதுவுமே மூழ்காம இருக்காதா?
மாரியூர் சோகத்தில் மூழ்கியது,
ஒப்பிலான் விழாக்கோலம் பூண்டது,
வாலிநோக்கம் ஸ்தம்பித்தது.
அம்புட்டும் தேய்வழக்கு."

ஏதோ சிவில் வழக்கு என்று நினைத்தேன்,
முதுகுளத்தூர் கோர்ட்டில்
வாய்தா வாங்கி வாங்கித் தேய்ந்துபோனது.
சொல்லிச் சொல்லி முனை மழுங்கிய பேச்சு
என்று அவர் விளக்கியபோது
எனக்குச் சொல் பிடித்துவிட்டது.
புதுச் செருப்பு மாதிரி
போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"இந்த வடை தேய்வழக்கு பாய்."
"ஊசிப்போச்சுங்கிறியா?"
"இல்ல, நேத்து மாதிரியே இருக்கு."
"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"
ரசூல் பாய்க்கு என்னிடம் பதில் இல்லை.

மூக்கையூர்க் கரையில்
ஒருதரம் ரெண்டுதரம் என்று கூவிய ஏலக்காரரிடம்
சத்தமாகவே சொன்னேன், தேய்வழக்கு என்று.
அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு
ஒரு கூடை நகரையை
முந்நூற்றைம்பதுக்கு என் தலையில் முடித்தார்.

கூடையோடு வீட்டுக்கு வந்தால்
"சாப்ட்டாச்சா?" என்றாள் செண்பகவல்லி.
"தேய்வழக்கு" என்றேன்.
அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.
"சரி, இனிமே கேக்கல" என்றாள்.
கேட்கவும் இல்லை.

ஆவணியில் கச்சான் காற்று
மணலை வாரிக் கண்ணில் போட்ட வாரம்
இன்னாசியும் மூன்று பேரும் போன வள்ளம்
இரண்டு நாளாகக் கரை திரும்பவில்லை.
மொபெட்டை உடைமரத்தில் சாய்த்துவிட்டுப் போனேன்.
கித்தேரி வலையில் சிக்கிய பாசியைப்
பிய்த்துக்கொண்டிருந்தாள்.
வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்:
பயப்படாத, வந்துருவாங்க.
சாமியார் சொன்னார். சங்கத்துச் செயலாளர் சொன்னார்.
மீன்துறை ஆள் ஜீப்பில் இருந்தபடியே சொன்னார்.
பதினாலு தடவை, எண்ணினேன்.
பதினைந்தாவதாக நின்ற நான்
தேயாத வாக்கியம் ஒன்றைத் தேடினேன்.
சட்டைப்பையில் பேனா இருந்தது, சில்லறை இருந்தது.

அவள் கை நின்றது.
"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"
பேப்பர்க்காரன் சும்மா நின்றால்
அதற்கு வேறு பொருள் உண்டு என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
"சேதி ஏதும் வந்துருச்சா?"

"இல்ல இல்ல. வந்துருவாங்க.
பயப்படாத, வந்துருவாங்க."
இரண்டு தடவை சொன்னேன்.
கை மறுபடி பாசிக்குப் போனது.

நாலாம் நாள்
மண்டபத்து விசைப்படகு ஒன்று
கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்திருந்தது.
எஞ்சின் நின்று கிழக்கே இழுபட்ட கதை.
வேனிலிருந்து இறங்கிய இன்னாசிக்கு
உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது.
அழுவாள் என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தேன்.
"தூக்குச்சட்டிய எங்க?" என்றாள்.
"கடல்ல."
"புதுசு."
அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

மூக்கையூர் மகிழ்ச்சியில் என்று அடித்துவிட்டேன்,
விரல் பழக்கத்தில் மூ-வுக்குப் போனது.
அழித்துவிட்டு
'யாரும் மூழ்கவில்லை' என்று முடித்து அனுப்பினேன்.
இளஞ்சேரன் அந்த வரியை வெட்டிவிட்டார்.
நால்வரும் மீட்பு என்று தலைப்பிலேயே இருக்கிறதாம்.
தூக்குச்சட்டியை நான் அனுப்பவே இல்லை.

இரவு வீடு சேர்ந்தபோது
விளக்கை அணைத்திருந்தாள் செண்பகவல்லி.
செருப்பைக் கழற்றிக்கொண்டே
"சாப்ட்டியா?" என்றேன்.
சுவர்ப்பக்கம் திரும்பியபடியே
"தேய்வழக்கு" என்றாள்.
பிறகு எழுந்துபோய்
இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.