ஆகஸ்ட் வரை

ஊயோ விமான நிலையத்தில்
என் பெட்டி கடைசியாக வந்தது.
ஒரு சக்கரம் இல்லை.
சுமைவண்டிக்காரன் அதைப் பார்த்துவிட்டு
என்னிடம் "சாரி" என்றான்.
உடைத்தது அவனில்லை.

லீட்ஸில் ஐந்து வருடம்
நான் சொல்லித் திரிந்த சாரி வேறு.
கதவருகே எதிரே வந்துவிட்டதற்கு,
என் பெயரை மூன்றாம் முறை உச்சரித்ததற்கு,
அலுவலக அடுப்பில்
கருவாட்டு வாசம் எழுந்ததற்கு.
இங்கே கல் தடுக்கினால்
கல்லுக்குப் பதிலாய் யாரோ ஒருவர்
வருத்தப்பட்டுவிடுகிறார்.
மறந்திருந்தேன்.

காரில் தம்பி உபோங் சொன்னான்:
"அக்கா, உன் ரூமை அம்மா வாடகைக்கு விட்டாச்சு."
பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

கடூனாவிலிருந்து வந்த பெண்.
ஒரு வருடச் சேவைக்கென்று அரசு அனுப்பிய
கணக்கு டீச்சர்.
பெயர் ராஹிலா.
என் கட்டிலில் அவள் போர்வை,
என் ஆணியில் அவள் காக்கிச் சட்டை.
ஜன்னல் சட்டத்தில் பதினாறு வயதில் நான் சுரண்டிய
ஒரு பையனின் முதலெழுத்து மட்டும்
இன்னும் என்னுடையது.
அந்தப் பெயரின் மீதி
எனக்கே ஞாபகமில்லை.

"நீ வரமாட்டேன்னுதானே சொன்னே" என்றாள் அம்மா.
சொன்னேன்தான்.
ஒரு பிப்ரவரியில், பேருந்து நிறுத்தத்தில்,
ஒருத்தனை நம்பி.
அவன் என்ன ஆனான் என்று அம்மா கேட்கவில்லை.
அஃபாங் குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவி
நத்தைகளாகப் பொறுக்கி என் தட்டில் போட்டாள்.
கேட்டிருந்தால் ஒரு பொய் தயாராக இருந்தது.
கேட்காததால்
முதல் கவளம் தொண்டையில் நின்றது.

அங்கே ஆலோசகர் ஒரு தாள் தந்திருந்தார்.
முப்பத்தாறு வட்ட முகங்கள்.
இன்று இதில் எது நீ?
வாரம் தவறாமல் 'களைப்பு'க்குக் கோடு போட்டேன்.
கோபம், மகிழ்ச்சி, இரண்டும் எங்கள் பாஷையில்
எசிட் என்ற ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.
எசிட் என்றால் நெஞ்சு.
உள்ளே ஒரே கட்டில்தான் போலிருக்கிறது.
ஒன்று வந்தால் மற்றது சுவரோரம் ஒண்டவேண்டும்.
அந்தத் தாளில் ஒண்டிக்கொள்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

ராத்திரி மின்சாரம் போனது.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்
இரண்டு முறை இருமிவிட்டு எழுந்தது.
என் அறையில், தரையில்,
கடன் வாங்கிய மெத்தையில் நான்.
தண்ணீர் குடிக்க எழுந்தவள்
அந்த மூன்று சக்கரப் பெட்டியில் இடித்துக்கொண்டேன்.

இருட்டுக்குள்ளிருந்து
"சாரி" என்றாள் ராஹிலா.

அவ்வளவுதான்.
ஐந்து வருட அழுகையையும்
ஒரு சுண்டுவிரலுக்காக அழுது தீர்த்தேன்.
நகம்கூடப் பெயரவில்லை.

அவள் விளக்கைத் தேடவில்லை.
இறங்கி வந்து முதுகைத் தடவவில்லை.
கொஞ்சம் நகர்ந்து படுத்தாள்.
கட்டில் கிறீச்சிட்டது.
எந்தக் கால் என்று எனக்குத் தெரியும்.
ரொம்ப நேரம் கழித்து
"எங்க ஊர்ல இந்நேரம் குளிரும்" என்று
யாரிடமோ சொன்னாள்.
மூக்கை உறிஞ்சினாள்.
சளி என்று இருவருமே நம்பிக்கொண்டோம்.

விடிந்ததும் அவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள்.
அம்மா வாசற்கதவைப் பிடித்தபடி
என் வீங்கிய கண்ணைப் பார்த்தாள்,
காலைப் பார்த்தாள்,
பிறகு மெதுவாக,
"ஆகஸ்ட் வரைக்கும் வாடகை வாங்கிட்டேனே" என்றாள்.

"சரி" என்றேன்.