சொல்லிக்கொள்ளாமல்

முத்தியால்பேட்டையில்
லிசே வாட்ச்மேன் தனகோடி வீட்டுத் துக்கத்துக்கு
சொலேன் டீச்சரும் என் ஸ்கூட்டியில் வந்தாள்.
வெள்ளை உடுத்த வேண்டுமா என்று
காலையிலேயே கேட்டிருந்தாள்.
செருப்பை வாசலில் விட்டால் போதும் என்றேன்.
அதை மட்டும்தான் சொன்னேன்.

அரைமணி நேரம் கழித்து எழுந்தேன்.
யார் முகத்தையும் பார்க்காமல்
சந்துமுனை வரை வந்துவிட்டேன்.
திரும்பினால் ஆளைக் காணோம்.

உள்ளே
ஒவ்வொருவர் கையாகப் பிடித்து
'மறுபடி பார்ப்போம்' என்கிறாள்,
புதுத் தமிழில், நிறுத்தி நிறுத்தி.
சாவு வீட்டில்!
மச்சினர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

தனகோடி பெண்சாதி மட்டும்
பிடித்த கையை விடவில்லை.
"வாம்மா" என்றாள்.
"கண்டிப்பா வா."

அஜந்தா சிக்னலில்
முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:
"நீ ஏன் திருடன்போல நழுவினாய்?"

பச்சை விழுந்தது.
ஹாரன் அடித்தார்கள்.