அளவு நாற்பத்தொன்று

குட்டாய்சி. அதே தெரு, அதே கட்டடம்.
எனக்கு மூன்றாம் மாடி,
ஆர்டருக்கு நான்காம் மாடி.

லாமாரா.
ஆறு வருடமாக என் தலைமேல் நடப்பவள்.
தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு
படியில் பார்த்தால் முகம் திருப்புபவள்.
கடையின் பெயர் ‘ஈர ஆடு’.
நான்தான் என்று அவளுக்கெப்படித் தெரியும்?

கம்பளிச் செருப்பு, சாம்பல் நிறம்.
சோப்புநீரில் தேய்த்துத் தேய்த்து
அடிப்பாகத்துக்கு மட்டும்
அவள் கேட்காத இரண்டு அடுக்கு
கூட வைத்தேன்.
விலை ஏற்றவில்லை.

பதினாறு படி ஏறினால் போதும்.
தபாலில் போட்டேன்.
திபிலீசி போய் முத்திரை வாங்கி
ஐந்தாம் நாள்
என் கதவைத் தாண்டி மேலே போனது.

நேற்றிரவு மேலே குழாய் திறந்தது,
நாற்காலி ஒருமுறை இழுபட்டது.
இடையில் நடந்தது கேட்கவில்லை.

காலையில் நான்கு நட்சத்திரம்:
“மெத்தென்று இருக்கிறது. வரத்தான் தாமதம்.
ரொம்பத் தூரம் போல.”