யாரும் தராதது

மூன்று காலைகள்,
மூன்று பிளாஸ்டிக் குப்பிகள்.
பல் துலக்குமுன், தண்ணீர் குடிக்குமுன்
நெஞ்சின் அடியிலிருந்து இழுத்துத் துப்ப வேண்டும்.
எச்சில் வேண்டாம், சளிதான் என்று
நர்ஸ் இரண்டு முறை சொன்னாள்,
நான் கஞ்சத்தனம் செய்வேன் என்பதுபோல.

யோனாகோவில் அந்த வாரம் முழுக்கப் பனி.
எக்ஸ்ரே படத்தில் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு
தொக்குரோ ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிரவு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு
தையல் மெஷின் இருக்கும் அறைக்குப் போனார்.
மறுநாள் என் சோற்றுக் கிண்ணம்
அலமாரியின் மேல்தட்டில் தனியே இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை.
அக்கா மிட்சுவேயை
பைன் மரங்களுக்கு நடுவே ஒரு காசநோய் விடுதியில்
ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பையன் அவர்.
கிண்ணங்களைக் கொதிக்கவைத்த ஆவி
அறுபது வருஷமாகியும் அவர் மூக்கைவிட்டுப் போகவில்லை.

குப்பிக்குள் இருந்தது முளைக்க ஆறு வாரம்.
அவசரமே அறியாத ஜாதி.
"காசம் இல்லை," என்றார் டாக்டர் நிஷிகிதா.
"அதற்கு ஒன்றுவிட்ட உறவு.
மண்ணில் இருக்கும், குழாயில் இருக்கும்,
ஷவருக்குள் வழுவழுவென்று படிந்திருக்கும்.
இதை உங்களுக்கு யாரும் தரவில்லை.
நீங்களும் யாருக்கும் தரப்போவதில்லை."

பஸ்ஸில் திரும்பும்போது
அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும்
கரையாத மிட்டாயாக வாய்க்குள் புரட்டிக்கொண்டே வந்தேன்.
காசத்துக்குக்கூட மனிதர்கள் வேண்டும்.
ஒரு வகுப்பறை,
ஒரே போர்வைக்குள் இருமும் இருவர்.
இது என் வரைக்கும் வந்து நின்றுவிடும் பாதை.
முப்பது வருஷம் நாற்றுப்பண்ணையில்
தொட்டி மண்ணைக் கையால் உதிர்த்தேன்.
எழுந்த தூசியை நல்ல வாசம் என்றேன்,
குனிந்து முகர்ந்தேன்,
நானாகவே.

வீட்டில் சொல்லவில்லை.

இதை எப்படி விளக்குவது?
ஒன்றரை மாதமாக அறை எனக்கே எனக்கு.
ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.
மன்னிப்புக் கேட்காமல் இருமலாம்.
கொலைகாரன் யாரென்று தெரியும்வரை
விளக்கை அணைக்காமல் படிக்கலாம்.
தொற்றாத நோயை
இன்னும் பதினொரு நாள்
தொற்றும் நோயாகவே வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சமையலறையில் கடகடவென்று சத்தம்.
நூடுல்ஸ் பானையில்
ஷவரைப் போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார் தொக்குரோ.
மேசைமேல் ஸ்பேனர், ஒரு பழைய பல்துலக்கி.
"உன் கோட்டுப் பையில் ஆஸ்பத்திரித் தாள் இருந்தது,"
என்றார், திரும்பாமல்.
"எப்போது பார்த்தீர்கள்?"
"நீ கொண்டுவந்த அன்றைக்கே."
"அப்படியானால் இத்தனை நாள்?"
பானையைக் கிளறினார்.
"அந்த அறையில் எனக்கும் நன்றாகத் தூக்கம் வருகிறது."

சிரித்தேன். சிரிப்பு இருமலாகி
மேசை விளிம்பைப் பிடிக்கும்படி ஆயிற்று.
அவர் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை.
மெத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறது.
கிண்ணம் மட்டும் கீழே இறங்கி வந்தது.

இப்போது தினமும் மூன்று மருந்துகள்,
ஒரு வருஷத்துக்கு மேல்.
ஒன்று சிறுநீரை ஆரஞ்சாக்குகிறது;
அழுதால் கண்ணீரும் அந்த நிறம்தானாம்.
இன்னும் அழுது பார்க்கவில்லை.
மற்றொன்று கண்ணைத் தொடலாம்,
முதலில் சிவப்பும் பச்சையும் மங்கலாம்.
ஆகவே தினமும் காலையில்
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.
கையில் கிடைத்ததைத் தூக்கிக் காட்டுவார் அவர்:
தக்காளி, வெங்காயத்தாள்,
ஒருமுறை வரி நோட்டீஸ்.

இன்று தோட்டத்துப் பெர்சிமன்.
இடது கண்ணால் பார்த்தேன்: சிவப்பு.
வலது கண்ணாலும் சிவப்பு.
"எங்கே இன்னும் பழுத்தது?" என்றார்.
"வெறும் மஞ்சள்தான்."

யாருடைய கண் என்று தெரியவில்லை.
பழத்தை எடுத்துக்கொண்டு
இருவரும் வாசல் வெளிச்சத்துக்குப் போனோம்.