சவுரி

களுவாஞ்சிக்குடி மெயின் வீதி, பார்மசிக்கு மேல்மாடி.
கரண்ட் போய்விட்டது.
நாற்காலியில் டிலுக்சி, பழுகாமத்துப் பொம்பிளை.
முகூர்த்தத்துக்கு இரண்டு மணித்தியாலம்.
ஒரு மாதமாக இராச்சாப்பாடு இல்லையாம்,
பிளவுஸ் இன்னும் ஏற மறுக்கிறது.

"சீனத்தில ஒரு ராசா இருந்தானாம்கா,
சிற்றிடைதான் பிடிக்குமாம் அவனுக்கு.
அரண்மனையில சோத்தை ஒதுக்கி ஒதுக்கியே
செத்துப்போனாங்களாம் சில பேர்."
அவள் சிரிக்கவில்லை.
நூலைப் பல்லில் கடித்ததால்
மிச்சத்தை மனதுக்குள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.
நித்திரை வராத இரவுகளில்
போனில் நான் பார்ப்பது இதுதான்.

ஆயிரத்துச் சொச்சம் வருசம் கழித்து
உன்னைப்போல் கன்னம் வைத்தவளைத்தான்
பட்டுத்துணியில் வரைந்தார்கள், இரட்டை நாடியோடு.
புருவத்தை முழுக்க வழித்துவிட்டு
நெற்றி நடுவில் மையால் இரண்டு விட்டில் இறகு.
அங்கேயும் எனக்கு வேலை இருந்திருக்கும்.

பிறகு கால்.
ஐந்து வயதில் விரல்களை உள்ளே மடித்து
தாய்தான் துணியால் இறுக்குவாள்.
உன் கால் வயல் சேற்றில் நின்று அகன்ற கால்,
நேற்றுத்தான் மருதாணி வைத்தேன்.

பிறகொரு நாள் பின்னலை வெட்டு என்றார்கள்.
எல்லோருக்கும் நீலக் காற்சட்டை, காது மட்ட முடி.
உழவு மெஷினில் இருப்பவளே அழகி,
சுவரெல்லாம் அவள்தான்.

இந்த இடத்தில் நூல் அறுந்தது.

எனக்கும் ஒருக்கால் வெட்டினார்கள்.
பதினாறு வயது. கேட்டுவிட்டு வெட்டவில்லை.
கண்ணாடி இல்லாத இடம்.
வடிவா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டது,
இதை எப்படிச் சொல்ல,
கொஞ்சம் காற்றோட்டமாகவும் இருந்தது.

சித்திரையில் வீட்டுக்குப் போ என்று விட்டார்கள்.
அம்மா அழவில்லை, தலையைத்தான் பார்த்தா.
அன்று பின்னேரமே மட்டக்களப்புக்கு பஸ் ஏறி
ஒரு சவுரி வாங்கி வந்தா.
பிடரியில் நாலு கிளிப் குத்தி,
"இனி றோட்டால போ" என்றா.
பக்கற்றில் சீன எழுத்து.
யாரோ ஒருத்தியின் பின்னல்.
அவளிடமாவது கேட்டார்களா, தெரியாது.

ஃபேன் சுற்றத் தொடங்குகிறது.
"என்னக்கா, நிண்டிட்டீங்க?"

பெட்டியில் புதுச் சவுரி, முப்பத்திரண்டு அங்குலம்,
அதே மாதிரி எழுத்து.
அதை மூடி வைத்துவிட்டு
பிளவுஸின் பக்கத் தையலை
இரண்டு விரல் அகலம் பிரிக்கிறேன்.
கீழே நிற்கும் பெடியனைக் கூப்பிட்டு
நாலு உழுந்து வடை எடுத்து வரச் சொல்கிறேன்.
மற்றப் புருவம் அப்படியே கிடக்கிறது.