மலைத்தாழை தெரிகிறதா

ஆறரைக்கு ரேடியோ கரகரக்கும்.
"ஒபேமி, ஒபேமி, கேட்கிறதா?"
கேட்கிறது.
தகரத்தில் விழும் மழையும் கேட்கிறது,
சூரியத் தகட்டைத் துடைக்க ஏறிய என் மகன்
பாசியில் வழுக்கி யாரையோ திட்டுவதும்.

வானத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை.
சம்பளமில்லை. விமானம் இறங்கினால்
ஒரு பை அரிசி, நான்கு பேட்டரி.

கிழக்கு மேட்டில் ஒற்றையாய் ஒரு மலைத்தாழை.
அது முழுதாய்த் தெரிந்தால், வரலாம்.
தலை மட்டும் மறைந்தால், ஒரு மணி நேரம் பொறு.
மரமே இல்லையென்றால்
அன்றைக்கு எங்களுக்கு உலகம் இல்லை.

போர்ட் மோர்ஸ்பிக்குச் சம்பளம் வாங்கப் போன வாத்தியார்
பிப்ரவரியிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார்.
உப்பு தீர்ந்து பதினொரு நாள்.
கொட்டகையில் நாற்பத்தொரு மூட்டை காப்பி,
கீழ் வரிசையில் கைவிட்டால் சூடாய் இருக்கிறது,
ஏதோ மிருகம் படுத்திருப்பதுபோல்.
ஆனாலும் வெள்ளிதோறும் ஓடுபாதையில் புல் வெட்டுகிறோம்.
பன்றி தோண்டிய குழிக்குப்
பன்றிக்காரன் மண் சுமக்க வேண்டும்.
இதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

காப்பி நிறுக்கும் தராசில்தான் ஆளையும் நிறுப்போம்.
ஒருமுறை என் மாமியாரும் அவள் மடியில் பன்றிக்குட்டியும்
சேர்ந்து அறுபத்தொன்று.
"பன்றியைக் கழித்துச் சொல்" என்றாள்.
ஊரே சிரித்தது.

அந்த வியாழக்கிழமை
ரூமேயின் மனைவி சவோனாவுக்கு
வலி கண்டு இரண்டு இரவு.
பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றான்
மருந்துக் குடிலின் திபோ.
டார்ச்சைப் பல்லில் கடித்திருந்ததால்
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"கெய்லோ, மரம் தெரிகிறதா?"

வெள்ளை. வேலி வரைக்கும் வெள்ளை.
ஆனால் அந்த மரம் எங்கே நிற்கிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு என்னால் காட்ட முடியும்.
"தெரிகிறது" என்றேன்.

சத்தம் வந்தது.
நனைந்த புல்லில் எல்லோரும் நின்றோம்,
கழுத்தை அண்ணாந்து, வாய் திறந்து.
தலைக்கு மேல் ஒரு சுற்று.
இன்னொன்று.
மூன்றாவதில் சத்தம் மெலிந்து
தெற்கே நூலாகி அறுந்தது.

அப்புறம் ரேடியோவில் விமானியின் குரல்,
கோபமே இல்லாமல்:
"கெய்லோ, நீ எந்த மரத்தைப் பார்த்தாய்?"

பொத்தானை அழுத்தினேன். விட்டேன்.

எட்டுப் பேர், இரண்டு கம்பு, ஒரு போர்வை.
மூன்று நாள் நடை, அட்டைகள், இரண்டு ஆறு.
இரண்டாம் ஆற்றின் இக்கரையில்
கல் அடுக்கிய இடம் ஒன்று இருக்கிறது.
அதில் படாமல் நடக்க
எங்கள் கால்களுக்கு இப்போது தெரியும்.

ஏழு வாரம் கழித்து மரம் முழுதாய்த் தெரிந்த காலை
விமானத்திலிருந்து சவோனா இறங்கினாள்.
யாரும் கேட்காமலே தராசில் போய் நின்றாள்.
முப்பத்தெட்டு.
நோட்டில் எழுதினேன். வேறென்ன செய்ய?
பதினாறு மூட்டை ஏற்றினோம்.
மீதியில் பாதி உரக்குழிக்குப் போயிற்று.

மறுநாள் ரூமே மேட்டில் ஏறினான்.
தாழையின் உச்சியில்
நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டிவிட்டு இறங்கினான்.
வழியில் என்னைப் பார்த்தான்.
"காற்றுக்கு அவிழாது" என்றான். அவ்வளவுதான்.

இன்று ஆறரை.
"ஒபேமி, மரம் தெரிகிறதா?"
கதவருகே சவோனா,
சர்க்கரைவள்ளிக் கூடையை இறக்காமல் நிற்கிறாள்.
உள்ளே மகனுக்குக் காய்ச்சல், நான்காம் நாள்.

"நீலம் தெரியவில்லை."
"மரம்?"
"மரமும்."

கரகரப்பு.
"சரி கெய்லோ. எட்டரைக்கு மறுபடி பார்."

பார்க்கிறேன்.
எட்டரை வரைக்கும் எதற்குக் காத்திருப்பது,
இப்போதிருந்தே பார்க்கிறேன்.