ஆய்வுக்குட்பட்டவை: மூன்று

நீளம் 0.62 மில்லிமீட்டர்.
கடுகை எட்டாய் நறுக்கி ஒரு துண்டை வைத்தால்
அதன் மேல் இது நடக்கலாம்,
விழாமல்.

நிறம்: செம்பூரான் கல்
மழைக்கு மறுநாள் இருக்கிற நிறம்.
கட்டுரையில் ‘செம்பழுப்பு’ என்றுதான் எழுதினேன்.
சரிபார்ப்பவர்கள் கல்லல் மழையைப் பார்த்ததில்லை.

கிடைத்த இடம்: கல்லலுக்குத் தெற்கே, கோயில் காடு.
வீரை, காசான், குருந்து.
கணுக்கால் ஆழத்துக்குச் சருகு.
அங்கிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது.
சாத்தையா வேளார் சொன்னார்:
“இலை, குச்சி, மண்ணு, எதுவும் கூடாது.
பூச்சியைப் பத்தி யாரும் சொல்லி வைக்கலை.”
அந்த ஓட்டை வழியாகத்தான்
அறிவியல் உள்ளே போனது.

சருகைச் சலித்துத் துணிப்பையில் கொட்டி
அங்கேயே வீரை மரத்தில் தொங்கவிட்டோம்.
காயக் காய
உள்ளிருப்பவை ஈரம் தேடிக் கீழே இறங்கும்.
கீழே குப்பி. குப்பியில் எரிசாராயம்.
மூன்று நாள்.

இரண்டாம் நாள் காலை
பை தொங்கிய கயிற்றில் ஒரு மஞ்சள் கயிறு,
அதில் கண்ணாடி வளையல் இரண்டு, பச்சை.
தொட்டில் என்று நினைத்துவிட்டாள், யாரோ.
பக்கத்துக் கிளைகளில் அப்படித்தான் தொங்கின,
சேலைக் கிழிசலில், உள்ளே ஒரு கல்லோடு.
செபஸ்தி அவிழ்க்கப் போனான்.
“விடு” என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்
பை ஆடினால் மண் உதிரும்,
மாதிரி கெட்டுவிடும் என்றிருப்பேன்.
அதுவும் உண்மைதான்.

காரைக்குடி. ஆய்வகம். இரவு பதினொன்று.
எறும்பு, உண்ணி, பொய்த்தேள், துள்ளுவால் பூச்சி.
அவற்றுக்கு அடியில்
தூசி என்று நான் ஒதுக்கிய ஒன்றுக்குச்
சிறகு இருந்தது.
சவ்வு இல்லை. ஒரு காம்பு, இரு புறமும் மயிர்;
கண் வரைய மறந்துபோன மயிலிறகு.

மூன்று. மூன்றும் பெண்.
ஆண்: கிடைக்கவில்லை.
உணர்கொம்பு: பதினொரு கணு.
முதல் மாதிரியில் இடப்பக்கம் மட்டும் ஒன்பது;
மிச்சம் இரண்டை என் ஊசி தின்றது.
அதையும் எழுதினேன்.

“புதுசுன்னு எப்படித் தெரியும்?”
பிறகு ஒரு நாள் வேளார் கேட்டார்.
வயிற்றைத் திறந்து
விந்துப்பையின் சுருளை எண்ணி.
சாமிக்கு முன்னால் இதை எப்படிச் சொல்வது?
“உள்ளமைப்பு வேற” என்றேன்.
“பேரு?”
“இனிமேதான்.”
“பேரில்லாமயா இத்தனை காலம் இருந்துச்சு?”
சுருளைவிட அவருக்கு இதுதான்
நம்ப முடியாததாக இருந்திருக்கும்.

இரண்டாவது பெண்ணைத் திறந்தபோது
உள்ளே ஒரு முட்டை.
ஒன்றே ஒன்று. அவள் உடம்பில் பாதி.
இந்தக் குடும்பத்தில் அது வழக்கம்,
முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்,
புதுச் செய்தி அல்ல.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிற்றினப் பெயருக்குக்
கல்லூரித் தாளாளர் தம் தகப்பனார் பெயரைச்
சொல்லியனுப்பினார், இரண்டு முறை.
இலத்தீனில் தொட்டிலுக்கு உள்ள சொல்லை வைத்தேன்.
பெயர்க் காரணம் என்ற இடத்தில்:
‘சேகரித்த பையின் வடிவம் கருதி.’

உணவு: பூஞ்சை வித்தாக இருக்கலாம்.
வாழ்க்கை முறை: தெரியாது.

பையை இறக்கிய அன்று
மஞ்சள் முடிச்சுக்குக் கீழே
என் கயிற்றைத்தான் அறுத்தேன்.
வளையல் இரண்டும் அங்கேயே இருக்கின்றன.
அடியில் எதுவும் தொங்கவில்லை.